முதலில் ‘எங்கே நிற்கிறேன்?’: ஸ்கிரீன் ரீடர் பழகும்போது செய்யும் தவறுகள்

நான் கணினி பழகத் தொடங்கியபோது என்னிடம் பிரெயிலில் எழுதிய ஒரு ஷார்ட்கட் பட்டியல் இருந்தது. நான்கு பக்கம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் விசைப்பலகையைத் தொட்டேன். முதல் வாரமே வேர்டில் கடிதம் அடிப்பதாக நினைத்துக்கொண்டு டெஸ்க்டாப்பில் அரைப் பக்கம் அடித்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், ஏதோ ஒரு ஐகானின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கணினிக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் இதையேதான் பார்க்கிறேன். காப்பி, பேஸ்ட், சேவ் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ‘சரி, இப்போது எந்த விண்டோவில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பதில் வராது.

நான் இங்கே சொல்வது விண்டோஸில் ஓடும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் பற்றி. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது; பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இலவசம் என்பதால் நம் பக்கம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதையே கைகாட்டுகிறேன். ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கு விசைகள் கொஞ்சம் மாறும், தவறுகள் மாறாது.

முதல் நாளுக்கு நான்கைந்து விசைகள் போதும். இன்செர்ட்டைப் பிடித்துக்கொண்டு டைட்டிலின் ‘டி’யை அழுத்தினால் விண்டோவின் தலைப்பைச் சொல்லும். இன்செர்ட்டும் டேபும் அழுத்தினால் எந்தப் பெட்டியில், எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று சொல்லும். இன்செர்ட்டும் மேல் அம்புக்குறியும் நிற்கிற வரியைப் படிக்கும். கன்ட்ரோல் வாயை மூடவைக்கும். இன்செர்ட்டும் எண் 1 விசையும் அழுத்திவிட்டால் அப்புறம் எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன விசை என்று பெயர் மட்டும் சொல்லும், வேலை எதையும் செய்யாது. மறுபடி அதையே அழுத்தினால் பழைய நிலை. பயமில்லாமல் விசைப்பலகையைத் தடவிப் பழக இதைவிட நல்ல வழி கிடையாது. எஃப், ஜே விசைகளிலும் வலப்பக்க எண் பகுதியின் ஐந்திலும் சின்ன மேடு இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். எண் பகுதியின் ‘நம் லாக்’ (Num Lock) விசை மட்டும் அணைந்திருக்கட்டும். அது எரிந்தால் எண் பகுதியில் உள்ள படிக்கும் விசைகள் வெறும் எண்களாகிவிடும்.

அடுத்த தவறு பெரும்பாலும் கற்பவருடையது இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுடையது. ‘மேலே வலது மூலையில் நீலமா ஒண்ணு இருக்கு பாரு, அதை அமுக்கு.’ நமக்கு மூலையும் இல்லை, நீலமும் இல்லை. ஸ்கிரீன் ரீடருக்குத் திரை ஒன்றன்பின் ஒன்றாக வருகிற வரிசை. ‘தேடுகிற பெட்டிக்கு அடுத்து ஒரு பட்டன் வரும், அதன் பெயர் சப்மிட்’ என்றால் உடனே போய்விடலாம். இதைவிட மோசம், அவசரத்தில் அவரே மௌஸைப் பிடித்து ‘இந்தா, முடிச்சிட்டேன்’ என்பது. அவர் கிளிக் செய்த இடத்துக்கு ஃபோகஸ், அதாவது நாம் நிற்கிற இடம், தாவிவிடும்; நாம் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த இழை அறுந்துபோகும். நான் வகுப்பில் மௌஸைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுவேன். பார்வையுள்ள உதவியாளர்கள்தான் முதலில் திணறுவார்கள்.

டேப் விசையை மட்டுமே நம்பி இணையத்தில் நடப்பது இன்னொன்று. டேப் நிற்கிற இடங்கள் லிங்க், பட்டன், நிரப்ப வேண்டிய பெட்டி, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் வெறும் எழுத்தையெல்லாம் தாண்டிப் போய்விடும். ஒரு வேலை விண்ணப்பத்தில் ‘பாஸ்வேர்டில் ஒரு எண் கட்டாயம்’ என்ற வரி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. என்னிடம் பழகிய ஒருவர் அதைக் கேட்கவே இல்லை. ஆறு முறை சப்மிட் கொடுத்துவிட்டு, தளமே பழுது என்று முடிவுகட்டிவிட்டார். புதிய பக்கம் என்றால் முதல் முறை கீழ் அம்புக்குறியால் முழுக்க நடந்து பாருங்கள். பழகிய பிறகு தாவலாம்: எச் அழுத்தினால் அடுத்த ஹெடிங், கே அழுத்தினால் அடுத்த லிங்க், இ அழுத்தினால் அடுத்த எடிட் பெட்டி.

இந்த ஒற்றை எழுத்துத் தாவல்தான் அடுத்த குழப்பத்துக்கும் காரணம். புதியவர்களில் பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான் என்பேன். என்விடிஏ வலைப்பக்கத்தில் இரண்டு நிலைகளில் இயங்கும். பிரௌஸ் மோடில் எழுத்து விசைகள் தாவுவதற்கு. ஃபோகஸ் மோடில் அதே விசைகள் தட்டச்சுக்கு. குமார் என்பவர் பிரௌஸ் மோடில் நின்றுகொண்டு தன் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கிறார் என்று வையுங்கள். கே அவரை ஒரு லிங்கில் கொண்டுபோய் விடும். யு இன்னும் திறக்காத லிங்குக்குத் தள்ளும். எம் ஃபிரேம் தேடும். கடைசி ஆர் ஒரு ரேடியோ பட்டனில் நிறுத்தும். பெட்டியில் ஒரு எழுத்துகூட விழுந்திருக்காது. டேப் வழியாகப் பெட்டிக்குள் போனால் என்விடிஏ தானாகவே ஃபோகஸ் மோடுக்கு மாறும். அம்புக்குறியால் போனால் என்டர் தட்ட வேண்டும். மாறும்போது ஒரு ஒலி வரும், திரும்பும்போது வேறொரு ஒலி. பேச்சைவிட இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்தறியக் காதைப் பழக்குங்கள். சந்தேகம் வந்தால் இன்செர்ட்டும் ஸ்பேஸும் நிலையை மாற்றும். பெட்டியை விட்டு வெளியே வர எஸ்கேப்.

குரல் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு பிடிவாதம். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் தகர டப்பா போல இருக்கிறது என்று முதல் நாளே ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மைதான், தமிழிலும் அது அப்படித்தான் பேசும். ஆனால் வேகத்தைக் கூட்டும்போது மற்ற குரல்கள் குழைந்துவிட, அது மட்டும் தெளிவாக நிற்கும். மெதுவான வேகத்திலேயே வருடக்கணக்கில் தங்கிவிடுவதும் தவறுதான். வாரத்துக்கு ஒரு படி ஏற்றுங்கள். இன்செர்ட்டையும் கன்ட்ரோலையும் பிடித்தபடி பக்க அம்புகளால் ரேட் என்பதைத் தேர்ந்து, மேல் அம்பை அழுத்தினால் போதும்.

திடீரென்று சத்தமே இல்லையா? பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள், சேவ் செய்யாத கோப்பு போய்விடும். பெரும்பாலும் கை தவறி இன்செர்ட்டோடு எஸ் அழுந்தியிருக்கும். அது பேச்சை நிறுத்தும் விசை. மறுபடி சில முறை அதையே அழுத்திப் பாருங்கள். பயனில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், ‘என்’ எழுத்து மூன்றும் சேர்த்து அழுத்தி என்விடிஏவை மறுபடி தொடங்குங்கள். அப்போதும் எழவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றும் சேர்ந்து விண்டோஸிலேயே உள்ள நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடரை எழுப்பும். என்விடிஏ திரும்பி வந்ததும் அதே விசைகளால் நரேட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

கடைசியாக, நம் மொழிக்கே உரிய ஒன்று. தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஸ்கிரீன் ரீடர் உளறுகிறது, உடனே ‘எனக்குச் செட்டிங் தெரியவில்லை’ என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள். கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் கண்ணுக்குத்தான் அது தமிழ், உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். அதில் ‘அம்மா’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘எம், கே, செமி, கே, எச்’ என்றுதான் வரும். எந்த செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுக்க வேண்டும், அல்லது அனுப்பியவரிடம் யூனிகோடில் கேட்க வேண்டும். பிடிஎஃப் திறந்து எதுவுமே பேசவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படமாக இருக்கலாம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்து பாருங்கள், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். அச்சு மங்கலாக இருந்தால் பிழைகள் வரும். பெயர்களையும் எண்களையும் மட்டும் பார்வையுள்ள ஒருவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது என் வழக்கம்.