இரண்டு நாள் லீவுக்கு எவ்வளவு தூரம் போகலாம்? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

சில வருஷங்களுக்கு முன்னால் குடும்பமாகக் கொடைக்கானல் போனோம். ரயிலில் இடம் கிடைக்கவில்லை, வேன் பிடித்தோம். வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்கு வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டையில் ஏறி, சனிக்கிழமை பகல் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பினால்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியும். வீடு திரும்பியபோது விடியற்காலை மூன்று. மலையில் இருந்தது 25 மணி நேரம், அதிலும் தூக்கம் ஒன்பது மணி. வேனில் உட்கார்ந்திருந்தது 29 மணி நேரம். முழங்கால் வீங்கிப்போன மாமியார், "ஏம்மா, இதைப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊரை முடிவு செய்கிறேன். முதல் தடவையாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக, அதை அப்படியே எழுதுகிறேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமே போதும்.

முதல் படி: கையில் இருக்கும் விழிப்பு நேரம்

எத்தனை நாள் லீவு என்று எழுதாதீர்கள். விழித்திருக்கும் மணிகளை எழுதுங்கள். சனி காலை ஐந்துக்குக் கிளம்பி ராத்திரி பத்துக்குப் படுத்தால் 17 மணி. ஞாயிறு காலை ஆறுக்கு எழுந்து, ராத்திரி எட்டுக்கு வீட்டுக்குள் கால் வைத்தால் 14. ஆக 31 மணி. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருந்தால் எட்டு மணி என்பதைத் தள்ளாதீர்கள். பிள்ளைகள் குளித்து, சாப்பிட்டு, புத்தகப் பையை எடுத்து வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

இரண்டாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். வடசென்னைக்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

"சென்னையிலிருந்து நாலு மணி நேரம்" என்று யாராவது சொன்னால், எந்தச் சென்னையிலிருந்து என்று கேளுங்கள். தாம்பரத்தில் இருப்பவருக்குத் தெற்கே போகும் சாலை வாசலிலேயே தொடங்குகிறது. நமக்கு ஊரையே குறுக்கே தாண்டிப் போக வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென் மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளுக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் கிளாம்பாக்கம். மூட்டை முடிச்சோடு ஒன்றே முக்கால் மணி என்று வையுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க இருபது நிமிஷம், பஸ் பயணம் ஏறக்குறைய நாலு மணி, இறங்கி அறைக்குப் போக ஆட்டோ கால் மணி. நாலு மணிப் பயணம் ஆறு மணி இருபது நிமிஷம் ஆகிவிட்டது பாருங்கள். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு 2024 முதல் ரயில் ஓடுகிறது. மெதுவான ரயில்தான், நள்ளிரவு வாக்கில்தான் போய்ச் சேரும். ஆனால் கடற்கரை நிலையம் நமக்குப் பக்கம், ஊரைக் குறுக்கே தாண்டும் வேலையே இல்லை.

இன்னொரு ஒப்பீடும் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து மாமல்லபுரமும் பழவேற்காடும் ஏறக்குறைய ஒரே தூரம், 55 முதல் 60 கிலோமீட்டர். திருவான்மியூர்க்காரருக்கு மாமல்லபுரம் பக்கம், நமக்குப் பழவேற்காடு பக்கம். கும்மிடிப்பூண்டி லைன் ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் வாசல் வழியாகவே போகிறது. திருப்பதி, நெல்லூர் பக்கம் போகும் பேருந்துகளுக்கு மாதவரம் இருக்கிறது. மேற்கே போகும் பல எக்ஸ்பிரஸ் ரயில்கள் பெரம்பூரில் நிற்கின்றன. உங்கள் ரயில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் சென்ட்ரல் நெரிசல் மிச்சம். நமக்கு வடக்கும் மேற்கும்தான் கிட்டம். ஊர் தேடும்போது அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

இந்தப் படியில் விட்டுப்போகிறவை: எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை, ஞாயிறு மாலை பரனூர் டோலில் ஊர் திரும்புகிற கூட்டம், வழியில் டீக்கும் பாத்ரூமுக்கும் நிறுத்துவது. பிள்ளைகள், பெரியவர்கள் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம் கட்டாயம் சேருங்கள்.

மூன்றாம் படி: கால் பங்கு

போக, வர ஆகும் மொத்த நேரம், விழிப்பு நேரத்தில் கால் பங்கு இருந்தால் நிம்மதி. மூன்றில் ஒன்று வரை சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் அந்த ஊரை அடுத்த பெரிய லீவுக்குத் தள்ளி வைத்துவிடுவேன். 31 மணியில் கால் பங்கு ஏறக்குறைய எட்டு, அதாவது ஒரு வழிக்கு நாலு மணி. மூன்றில் ஒன்று என்றால் ஒரு வழிக்கு ஐந்து. ஆகவே பஸ்ஸில் திருவண்ணாமலை சனி, ஞாயிறில் அடங்காது, இன்னும் ஒரு நாள் வேண்டும்.

இது எங்கள் வீட்டு அனுபவத்தில் வந்த அளவு. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போனால் பாதி நேரம் ரயிலில் போனாலும் அவர்களுக்கு அதுவே சந்தோஷம். கைக்குழந்தையோடு போனால் கால் பங்கே அதிகம்.

நான்காம் படி: ராத்திரிப் பயணத்தை எப்படி எண்ணுவது

ரயிலில் பெர்த் கிடைத்து, படுத்துத் தூங்கினால் அந்த நேரத்தைப் பாதியாக எண்ணுகிறேன். பஸ்ஸிலோ வேனிலோ உட்கார்ந்தபடி போனால் முழுசாக. அப்படிக் கெட்டுப்போன தூக்கத்தை மறுநாள் பகலில் அறையில் தூங்கித் தீர்க்க வேண்டி வரும், எங்கள் கொடைக்கானலில் நடந்ததும் அதுதான்.

ஏற்காட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். ராத்திரி ரயிலில் சேலத்துக்கு ஐந்து மணி நேரம், அதைப் பாதியாக்கினால் இரண்டரை. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆனால் சேலத்தில் விடியும் முன்பே இறங்கிவிடுவீர்கள், லாட்ஜில் அறை தருவது பன்னிரண்டு மணிக்கு. சீக்கிரம் அறை கிடைக்குமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தையும் பயணத்தில் சேருங்கள். திருப்பதி தரிசன வரிசையும் அப்படித்தான். சுவாமியைப் பார்ப்பது சந்தோஷம், ஆனால் கணக்கில் காத்திருப்பு காத்திருப்புதான்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு நாலு நாளாவது வேண்டும் என்பது என் கருத்து. சொந்த வண்டியிலோ வேனிலோ போனால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், மறக்காதீர்கள். ரயில் முன்பதிவு இப்போது 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, அதனால் பொங்கல், தீபாவளி லீவு என்றால் அந்த 60-வது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு நாள் போய் ஒத்திகை பாருங்கள்

முதல் தடவைக்கு நான் சொல்வது பழவேற்காடு. காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை 14 மணி. வீட்டிலிருந்து தண்டையார்பேட்டை ஸ்டேஷன் 20 நிமிஷம், காத்திருப்பு 15, பொன்னேரி வரை ரயில் 50, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ 50. ஒரு வழிக்கு இரண்டேகால் மணி. போக வர நாலரை, மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறது.

டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடிபாடு அங்கே இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. குளிர் மாதங்களில் போனால் ஏரியில் பூநாரைகள். மதியம் ஏரி இறாலும் நண்டும் சாப்பிடுங்கள். படகு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பிள்ளைகள் அடம்பிடித்தாலும், லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏற வேண்டாம்.

போகும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் நிஜமாக எவ்வளவு நேரம் ஆனது என்று அதே தாளில் பக்கத்தில் எழுதுங்கள். நாங்கள் முதலில் போனபோது வீட்டைப் பூட்டித் தெருமுனை வருவதற்கே 25 நிமிஷம் ஆனது. மாமியார் கேஸ் சிலிண்டரை மூடியாச்சா என்று பார்க்க இரண்டு தடவை திரும்பிப் போனார். இப்போது எந்த ஊருக்குக் கணக்குப் போட்டாலும் அந்த 25 நிமிஷத்தைத்தான் முதல் வரியில் எழுதுகிறேன்.