வீட்டுப் பாகுபாட்டை எதிர்க்கும் அமைப்புக்கு ஹட் மானியம்: சாம்.கவ்வில் ஏழு வாரம் மாட்டிக்கொண்டவனின் செய்முறை

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன அமைப்புக்கு வார இறுதிகளில் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். "நீங்க சமைச்சா வாசனை சுவத்துல ஒட்டிக்கும், வேற இடம் பாருங்க" என்று வாடகை வீடு மறுக்கப்பட்டவர்கள் எங்களிடம் வருவார்கள். கைக்குழந்தை இருக்கிறது என்றதும் "அது நேத்தே போயிடுச்சு" என்று பதில் வாங்கியவர்களும் வருவார்கள். இரண்டுமே 1968-ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டத்துக்குள் வரும் விஷயங்கள். குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான பாதுகாப்பு மட்டும் 1988-இல்தான் சேர்ந்தது.

இந்த வேலைக்கென்றே அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் தரும் மானியத்தைச் சுருக்கமாக ஃபிப் என்பார்கள். 1987-ஆம் ஆண்டு வீட்டுவசதி, சமூக மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த திட்டம். விண்ணப்பித்தபோது நான் விழுந்த பள்ளங்களை வரிசையாகச் சொல்கிறேன். வரிவிலக்குக் கடிதமும் ஈ.ஐ.என். என்ற வரி எண்ணும் கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள்

புகார் வாங்கி, விசாரித்து, வழக்கு வரை போகும் அமைப்புகளுக்குப் பி.இ.ஐ. என்ற பிரிவு. கல்வி, விழிப்புணர்வு வேலைக்கு ஈ.ஓ.ஐ. பிரிவு. அமைப்பையே வளர்க்க எஃப்.எச்.ஓ.ஐ. பிரிவு. எல்லா ஆண்டும் எல்லாப் பிரிவும் திறக்காது, அந்த ஆண்டின் நோஃபோவை, அதாவது மானிய அறிவிப்பைப் பாருங்கள். சட்டத்தின் கண்ணில் 'தகுதிபெற்ற' அமைப்பாக நிற்க, புகார் வாங்குவது, விசாரணை, சோதனை (வீடு தேடுபவர் போல ஆளை அனுப்பிப் பார்ப்பது), வழக்கு என எல்லாவற்றிலும் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் வேண்டும். புது அமைப்பு என்றால் ஆசைப்படாமல் ஈ.ஓ.ஐ. பக்கம் போங்கள்.

2. சாம்.கவ் பதிவு (இதை இன்றைக்கே தொடங்குங்கள்)

சாம்.கவ் என்பது அரசுப் பணம் கேட்பவர்கள் பதிவு செய்யும் தளம். அரசின் உள்நுழைவுத் தளமான லாகின்.கவ்வில் கணக்கு திறந்து உள்ளே போனதும் இரண்டு வழி தெரியும்: வெறும் யூ.இ.ஐ. என்ற அடையாள எண் மட்டும், அல்லது முழுப் பதிவு. முதலாவது சுலபமாக இருக்கிறதே என்று அதை எடுத்தேன். 12 எழுத்து எண் வந்தது, இயக்குநருக்கு இனிப்புகூட வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்து ஹட்டிடம் விண்ணப்பிக்க முடியாது. முழுப் பதிவுதான் வேண்டும். அதிலும் நோக்கம் கேட்கும்போது 'நிதி உதவி மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தங்களையும் சேர்த்தால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகள் பக்கம் பக்கமாக வரும்.

ஏழு வாரம் போனது பெயர் சரிபார்ப்பில். எங்கள் பதிவுச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் 'இன்க்.' உண்டு, மின்கட்டண ரசீதில் கிடையாது. சான்றிதழில் பழைய முகவரி, ரசீதில் புதியது. நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதோ தபால் பெட்டி எண், அதை இருப்பிட முகவரியாக ஏற்கவே மாட்டார்கள். பெயரும் முகவரியும் ஒரே தாளில், நாம் தட்டச்சு செய்தது போலவே, புள்ளி கமா உட்பட இருந்தால் வேலை முடிந்தது. கடைசியில் கைகொடுத்தது வங்கி அறிக்கை. வங்கிக்குப் போய் முழுச் சட்டப் பெயரையும் புதிய முகவரியையும் ஏற்றச் சொல்லி, அடுத்த மாத அறிக்கைக்குக் காத்திருந்தேன்.

பதிவு முழுக்க இலவசம். "உங்கள் பதிவு காலாவதியாகிறது, 599 டாலர் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். ஆனால் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது நிஜம்.

3. கிராண்ட்ஸ்.கவ்

விண்ணப்பத்தை அனுப்பும் தளம் இது. இங்கே ஒரே ஒரு விஷயம். சாமில் ஈ-பிஸ் தொடர்பாளர் என்று யாரைப் போட்டீர்களோ, அவர் உள்ளே வந்து உங்களுக்கு ஏ.ஓ.ஆர். உரிமை, அதாவது அமைப்பின் பெயரில் சமர்ப்பிக்கும் உரிமை, கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் படிவமெல்லாம் நிரப்பலாம், சமர்ப்பிக்க முடியாது. எங்கள் ஈ-பிஸ் தொடர்பாளர் ஊருக்குப் போயிருந்தார். அதிகாலை இரண்டு மணிக்கு மதுரைக்கு வாட்ஸாப் போட்டேன்.

4. எழுத்தும் பட்ஜெட்டும்

பட்ஜெட்டை முதலில் போடுங்கள். கதை எழுதிவிட்டுக் கணக்குப் போட்டால் வாக்குறுதிக்குக் காசு பத்தாது. நான் லிப்ரே ஆபீஸ் கட்சி, ஆனால் ஹட்டின் பட்ஜெட் தாளுக்கு மட்டும் எக்செல்தான் திறப்பேன், மற்றதில் வரிகள் நகர்ந்துவிடுகின்றன. அரசுடன் பேசி முடித்த மறைமுகச் செலவு (அலுவலக வாடகை, மின்சாரம் போன்ற பொதுச் செலவு) விகிதம் உங்களிடம் இல்லையென்றால் 15% வரை எடுக்கலாம். 2024 அக்டோபருக்கு முன் அது 10%, பழைய மாதிரி விண்ணப்பத்தைப் பார்த்து எழுதினால் காசு போகும்.

சோதனை பற்றி விவரமாக எழுதுங்கள். இருவரை அனுப்புகிறோம், வருமானம், வேலை, கேட்கும் வீட்டின் அளவு எல்லாம் ஒன்று, இனம் மட்டும் வேறு. ஒருவருக்கு வீட்டைத் திறந்து காட்டுகிறார்கள், மற்றவரிடம் காலியில்லை என்கிறார்கள். வர்ஜீனியாவில் இப்படிப் பொய் சொல்லப்பட்ட கறுப்பினச் சோதகருக்கு வழக்குப் போடும் உரிமை உண்டு என்று 1982-இல் ஹேவன்ஸ் ரியால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சோதகர்களை எப்படிப் பயிற்றுவிப்பீர்கள், இருவரும் தனித்தனியாக அறிக்கை எழுதுவதை எப்படி உறுதி செய்வீர்கள் என்று காட்டுங்கள். பெருங்குற்றத்துக்கோ மோசடிக்கோ பொய்ச்சாட்சிக்கோ தண்டனை பெற்றவர் சோதகராக இருக்கக் கூடாது என்று முன்பு ஹட் விதி இருந்தது, 2024-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

5. கிடைத்த பிறகு

பணம் மொத்தமாக வராது, வேலை நடக்க நடக்க ஈ-லாக்ஸ் என்ற ஹட்டின் பணம் எடுக்கும் தளம் வழியாக எடுக்க வேண்டும். கையில் மூன்று மாதச் சம்பளமாவது இல்லாமல் ஆள் எடுக்காதீர்கள். 2025 பிப்ரவரி கடைசியில் ஹட் 78 ஃபிப் மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தது, அமைப்புகள் நீதிமன்றம் ஏறின. இந்த ஒன்றை மட்டும் நம்பி வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். இன்னொன்று, அமெரிக்க அரசின் மீதே வழக்குப் போட ஃபிப் பணத்தைத் தொடக் கூடாது.

சேர்த்தது: கோப்பு நிராகரிக்கப்பட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். ஒருவர் தமிழ்த் துண்டறிக்கையை இணைத்திருக்கிறார், உள்ளே தமிழ் இருப்பதில் தப்பில்லை, கோப்பின் பெயரும் தமிழில் இருந்ததுதான் சிக்கல். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் வைத்து 50 எழுத்துக்குள் முடியுங்கள். மற்றவர் "வந்து சேர்ந்தது" என்ற முதல் மின்னஞ்சலோடு தூங்கப் போய்விட்டார். "சரிபார்க்கப்பட்டது" என்று இரண்டாவதும் வர வேண்டும். அது நிராகரிப்பாக வந்தால் திருத்த நேரம் வேண்டுமே, அதனால் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். கெடு கிழக்கு நேரப்படி. கலிஃபோர்னியாக்காரர்களுக்கு இரவு ஒன்பதுக்கே கடை மூடிவிடும்.