புல்லட் சைலன்சரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி (வெடிச்சத்தம் இல்லாமல்)

என் வண்டி 2014 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 346 சிசி, கார்புரேட்டர் எஞ்சின். கீழே சொல்வதெல்லாம் அந்த வகை வண்டிக்குத்தான். 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்காரர்கள் கடைசிப் பத்தியைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

முதலில் எதை வாங்குவது? கம்பெனி சைலன்சருக்குள் தடுப்புத் தகடு வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள், புகை அதில் முட்டித் திரும்பி வெளியே வருவதற்குள் சத்தம் அடங்கிவிடும். வெளியில் விற்பதில் பெரும்பாலும் துளை போட்ட ஒரே நேர்க்குழாய், அதைச் சுற்றி கிளாஸ் வூல், அதாவது சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடி இழைப் பஞ்சு. கிளாஸ் வூலும், வாயில் கழற்றி மாட்டும் டிபி கில்லரும் (சத்தத்தைக் குறைக்கும் சின்னச் செருகல்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் ஆசையாக நீட்டும், காதைப் பிளக்கும் இந்தோரி ரக சைலன்சர் எனக்குப் பிடிக்காது. புல்லட்டுக்கு அழகு அந்த அடித்தொண்டைச் சத்தம், பட்டாசுக் கடை தீப்பிடித்த மாதிரி போவதில் என்ன இருக்கிறது?

போலீஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் கம்பெனியை விட்டு வரும்போது 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன் கீழ், சத்த விதியை மீறி முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் போகும். அதனால் டிபி கில்லரைக் கழற்றாதீர்கள், பழைய சைலன்சரை எடைக்கும் போடாதீர்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதைத் தேடுவீர்கள்.

கழற்றுவது சுலபம். வண்டி நன்றாக ஆறியிருக்கட்டும். எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்போடு சேரும் இடத்தில் ஒரு கிளாம்ப், பின்னால் ஃபுட்ரெஸ்ட் பக்கம் போல்ட், அவ்வளவுதான். கிளாம்ப் துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே துருவை இளக்கும் டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே அடித்து விட்டுவிடுங்கள். காலையில் சைலன்சரை நேராகப் பிடித்து இழுக்காமல், இடமும் வலமுமாகத் திருகித் திருகி வாங்கினால் வந்துவிடும். ரிங் ஸ்பேனர்தான் சரி, ஓப்பன் ஸ்பேனர் போட்டால் போல்ட் தலை மழுங்கும், நான் ஒன்றை மழுங்கடித்து அரை நாள் வீணாக்கியவன்.

மாட்டுவதில்தான் எனக்கு அடி விழுந்தது. புது சைலன்சரைச் சொருகி, கண்ணுக்கு எதிரே இருந்த பின் போல்ட்டை முதலில் முழுக்க இறுக்கிவிட்டேன். முன்பக்கம் இம்மி கோணலாக உட்கார்ந்தது வெளியே தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தால் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட், பட் என்று வெடிக்கிறது. ‘ஜெட் மாத்தணும்’ என்றார் ஒரு மெக்கானிக். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகுதான் ஜெட். மாற்றினேன். மறுபடி மாற்றினேன். பெட்ரோல் குடித்ததே தவிர வெடிப்பு நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் கிளாம்ப் இடுக்கில் காற்றுக் கசிவு. ஆக்சிலரேட்டரை மூடும்போது எரியாத பெட்ரோல் ஆவி குழாய்க்குள் போகிறது, கசியும் இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகிறது, இரண்டும் சேர்ந்து உள்ளேயே பற்றிக்கொள்கிறது.

ஆகவே எல்லா போல்ட்டையும் கையால் லேசாக மட்டும் மாட்டுங்கள். சைலன்சர் தானாகத் தொங்கி தன் இடத்தில் உட்காரட்டும். அப்புறம் கிளாம்ப்பை முதலிலும் பின் போல்ட்டைக் கடைசியிலும் இறுக்குங்கள். பின் போல்ட்டுக்குத் துளை நேராக வரவில்லையா? வளைத்துச் சேர்க்காதீர்கள், வாஷர் வைத்து இடைவெளியை நிரப்புங்கள். வளைத்து மாட்டினால் அந்த இழுப்பு முழுவதும் எஞ்சின் ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) மேல் போய் விழும், அது முறிந்தால் செலவு சைலன்சர் விலையைத் தாண்டும்.

கசிவு பார்க்க ஒரு வழி. இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வண்டி சூடாவதற்குள் ஸ்டார்ட் செய்து, ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். நுரை பொங்கினால் கசிவு. திணறி நின்றுபோனால் இணைப்பு நல்லது.

அதன் பிறகுதான் கார்புரேட்டர். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். கருப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல்.

பின்சேர்க்கை: மாட்டிய சில மாதத்தில் சத்தம் கூடிவிட்டது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கிளாஸ் வூல் எரிந்து தேய்ந்திருக்கும். பிரிக்க வருகிற சைலன்சர் என்றால் புதிது சுற்றிக்கொள்ளலாம், கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொட்டுவிட்டு அரிப்பு என்று என்னிடம் வராதீர்கள்.

பி.எஸ். 6 வண்டிக்காரர்களுக்கு: பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உண்டு. அவற்றைத் தொடாமல் பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கன்வெர்ட்டரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.