நடைபாதை இல்லாத ரோட்டில் எந்தப் பக்கம் நடப்பது? புதிதாக வந்தவர்களுக்கு

புது நாட்டுக்கு வந்து இறங்கிய முதல் மாதத்தில் வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வேலைக்கான காகிதங்கள் என்று எல்லாவற்றுக்கும் யாராவது வழி சொல்கிறார்கள். ரோட்டில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நடக்கத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள் போல. ஆனால் கார் வாங்காத அந்த முதல் சில மாதங்களில்தான் நாம் நிறைய நடக்கிறோம், அதுவும் பழகாத ரோட்டில், பல நாள் இருட்டிய பிறகு.

விஷயம் இதுதான். நடைபாதை இருந்தால் அதில்தான் நடக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. நடைபாதை இல்லாத இடத்தில், வண்டிகள் உங்களை நோக்கி வரும் பக்கமாக, ஓரத்தை ஒட்டி நடங்கள். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடு என்றால் நீங்கள் இடப்பக்கம், வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடு என்றால் நீங்கள் வலப்பக்கம். இதை இடது, வலது என்று மனப்பாடம் செய்து வைக்காதீர்கள், நாடு மாறினால் எல்லாம் தலைகீழாகிவிடும். உங்கள் பக்கத்தில் வரும் வண்டியின் முகப்பு உங்கள் கண்ணில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். பட்டால் சரியான பக்கத்தில் இருக்கிறீர்கள். வண்டி முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து தோளை ஒட்டிக் கடந்து போகிறது என்றால் உடனே பக்கம் மாற வேண்டும்.

நம்மில் பெரும்பாலானவர்கள் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, தென்னாப்பிரிக்கா இங்கெல்லாம் அதே இடப்பக்கம்தான், ஆகவே அங்கே வலது ஓரமாக நடக்க வேண்டும். கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே, அமீரகம், கத்தார் போன்ற நாடுகளில் வண்டிகள் வலப்பக்கம், நாம் இடது ஓரம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஒழுங்காக நடந்து பழகியவர்தான் கனடாவுக்குப் போனதும் தப்பான பக்கத்தில் நிற்கிறார். கால் பழைய ஓரத்துக்கே போகும், மூளை ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் அதைத் திருப்ப வேண்டியிருக்கும். சில வாரங்களுக்காவது அப்படித்தான்.

நானும் அப்படித்தான் நடந்தேன். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடு, பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை, அதில் பாதித் தூரம் நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் அகலத்துக்குத் தார், அதற்கப்புறம் சரளை, அதையும் தாண்டினால் பள்ளம். வேலை முடிந்து வந்த ஒரு மாலையில், லேசாகத் தூறல் இருந்ததால் தலையை மூடிக்கொண்டு வலது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு லாரி வருவது எனக்குத் தெரியவே இல்லை. அதன் பக்கக் கண்ணாடி என் காதுக்கு நேராகக் கடந்தது, அடுத்த நொடி அந்தக் காற்று தோளில் மாட்டியிருந்த பையைப் பிடித்து முன்னால் இழுத்தது, சக்கரம் வாரியடித்த தண்ணீர் முழங்கால் வரை. லாரி ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மறுநாள் எதிர் ஓரமாக நடந்தேன். அதே ரோடு, அதே இருட்டு, ஆனால் ஒவ்வொரு வண்டியும் தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளியாக இருக்கும்போதே எனக்குத் தெரிந்தது, கிட்டே வரும் முன்பே சரளையில் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

அந்த ஒதுங்கும் நேரம்தான் இதில் எல்லாமே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் முழுதாக நிற்க 73 மீட்டர் வேண்டும் என்று பிரிட்டனின் சாலை விதிக் கையேடு கணக்குச் சொல்கிறது. அதில் முதல் 18 மீட்டர் டிரைவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே போய்விடும். டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருந்தால், எதிர்வெயில் கண்ணில் அடித்தால் அந்தக் கணக்கும் இல்லை. முதுகைக் காட்டி நடப்பவர் தன் உயிரை முழுக்க அந்த டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறார். முகம் பார்த்து நடப்பவருக்கு ஒரு எட்டுத் தள்ளி நிற்க வழி இருக்கிறது. ஃபின்லாந்தில் 2006 முதல் 2010 வரை நடந்த விபத்துகளை வைத்துச் செய்த ஆய்வில், எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடப்பவர்களுக்குக் காயமோ மரணமோ ஏற்படும் விபத்து 77 சதவீதம் குறைவாக இருந்தது. ஓரம் மாறி நடப்பதற்கு ஒரு செலவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பல நாடுகளில் இது வெறும் யோசனை இல்லை, விதி. 1968-ல் வியன்னாவில் எழுதப்பட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே நாடுகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் ஊர் எல்லைக்கு வெளியே நடைபாதை இல்லாத ரோட்டில் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். ஜெர்மனியில் ஊருக்குள் எந்த ஓரமானாலும் சரி. ஆஸ்திரேலியாவில் முடிந்தவரை எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். ஜப்பானில் முன்பு வண்டியும் இடப்பக்கம், ஆளும் இடப்பக்கம் என்று இருந்தது, 1949-ல் நடப்பவர்களை மட்டும் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள்.

சரி, இதை எப்போது மீற வேண்டும்? வளைவில். நீங்கள் நடக்கும் ஓரமே உள்பக்கமாக மடங்கும் கூர்மையான வளைவு இருக்கிறதே, அங்கே மட்டும் இந்தப் பழக்கம் ஆபத்து. எதிரே வரும் வண்டி வளைவின் உள்ஓரத்தை உரசிக்கொண்டு வரும், சுவரோ புதரோ மறைத்திருந்தால் அவருக்கு உங்களையும் உங்களுக்கு அவரையும் கடைசி நொடி வரை தெரியாது. அந்த வளைவுக்குக் கணிசமான தூரம் முன்பே, ரோடு இரண்டு பக்கமும் நன்றாகத் தெரியும் இடத்தில் எதிர் ஓரத்துக்கு மாறி, வளைவு முடிந்ததும் திரும்பி வந்துவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு மாறலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே ரோட்டைக் கடப்பது இன்னும் மோசம். உங்கள் ஓரத்தில் சுவரோ பாலத்தின் கைப்பிடியோ ஒட்டி நின்று ஒதுங்கவே இடமில்லை, எதிர் ஓரத்தில் அகலமான புல்தரை இருக்கிறது என்றாலும் அந்தப் பக்கம் போவதுதான் புத்தி. ஆளை நசுக்கும் இடத்தில் விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி எந்த விதியும் சொல்லவில்லை.

அடுத்தது கிளை ரோடு சேரும் இடம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாட்டில் நீங்கள் இடது ஓரமாகப் போகிறீர்கள். உங்கள் இடது கைப் பக்கத்துக் கிளை ரோட்டிலிருந்தோ ஒரு வீட்டு வாசலிலிருந்தோ ஒரு கார் மூக்கை நீட்டுகிறது, வலது பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் சேரப் போகிறது. அந்த டிரைவருக்கு வண்டிகள் வருவது அவருடைய இடப்பக்கத்திலிருந்து, ஆகவே அவர் தலை அங்கேயே திரும்பியிருக்கும். நீங்கள் வருவதோ அவருடைய வலப்பக்கத்திலிருந்து. இடைவெளி கிடைத்ததும் அவர் தலையைத் திருப்பாமலே ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், முன்னால் நீங்கள் இருப்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பாலான இடங்களிலும் சிவப்பு சிக்னலிலேயே வண்டி நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம், அங்கேயும் இதே கதைதான். அவர் கண் உங்கள் கண்ணைப் பார்க்கும் வரை அந்தக் காருக்கு முன்னால் காலை வைக்காதீர்கள். நடைபாதையில் நடந்தாலும் இது பொருந்தும்.

பின்னாலிருந்தும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது, ஓவர்டேக். உங்கள் பின்னால் எதிர் வரிசையில் வரும் கார் ஒன்று முன்னால் போகும் வண்டியை முந்துவதற்காக உங்கள் வரிசைக்கு ஏறி வரும். நீளமான நேர் ரோட்டில் பின்னால் இரண்டு எஞ்சின் சத்தம் சேர்ந்து கேட்டால் திரும்பிப் பாருங்கள். இதற்காகவே இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம் என்கிறேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் கணக்கு வேறு, வண்டிகள் போகும் பக்கமாகவே போக வேண்டும் என்பது வியன்னா ஒப்பந்தம் சொல்வது. ஒருவர் தலைமையில் ஊர்வலம்போல் போகும் கூட்டத்துக்கும் அப்படியே. சைக்கிளை ஓட்டும்போது சந்தேகமே வேண்டாம், எப்போதும் வண்டிகளோடு ஒரே திசையில்தான். இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டு நடக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், பேச்சு வீட்டுக்குப் போய் நடக்கட்டும்.

இருட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குளிர்நாட்டில் வாங்கும் முதல் கோட்டு பெரும்பாலும் கறுப்பு, இல்லாவிட்டால் கருநீலம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வட நாடுகளில் வேலை முடியும் முன்பே இருட்டிவிடும். ஹெட்லைட் உங்கள் கண்ணில் அடிப்பதால் நீங்கள் அவரைப் பார்ப்பதைப்போல் அவரும் உங்களைப் பார்க்கிறார் என்று தோன்றும், அது வெறும் மயக்கம். கறுப்புக் கோட்டு வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை இருந்தால், இல்லாததைவிட மூன்று மடங்கு தூரம் வரை ஆள் தெரிவார் என்று அதே பிரிட்டிஷ் கையேடு சொல்கிறது. ஃபின்லாந்தில் இருட்டில் நடப்பவர் ரிஃப்ளெக்டர் அணிவது சட்டத்திலேயே இருக்கிறது. வாங்கினால் கணுக்காலில் ஒன்று, கையில் ஒன்று என்று கட்டுங்கள். தாழ்த்திய ஹெட்லைட் தரையை ஒட்டித்தான் விழும், அதோடு கால் ஆடுவதைப் பார்த்ததும் மனிதர் என்று டிரைவருக்குச் சட்டென்று புரியும். முதுகுப் பையில் மட்டும் பட்டை இருந்தால், எதிரே வரும் டிரைவருக்கு அது தெரியாது. போனில் இருக்கும் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டால் சரளையும் குழியும் உங்களுக்கும் தெரியும். எதிர் வெளிச்சம் கூசினால் அதையே வெறிக்காமல் ரோட்டின் ஓரக் கோட்டைப் பாருங்கள்.

பனிக்காலத்தில், ரோட்டிலிருந்து வாரித் தள்ளிய பனி நடைபாதை மேலேயே மலையாகக் கிடக்கும், நடப்பவர்கள் வேறு வழியில்லாமல் ரோட்டில் இறங்குவார்கள். அப்போது இன்னும் கவனம். டிரைவர் உங்களைப் பார்த்தாலும் பனிக்கட்டியில் வண்டி நிற்காது, நீங்கள் ஒதுங்கவும் பனிச்சுவர் விடாது. வண்டி வருவது தெரிந்ததும் வீட்டு வாசல் மாதிரி ஒரு இடைவெளியைப் பார்த்து அதில் ஏறி நின்று, அது போன பிறகு இறங்குங்கள். கோட்டின் தலைமூடி பக்கப் பார்வையை அடைத்துவிடும், ஆகவே கடக்கும்போது கண்ணை மட்டும் திருப்பாமல் உடம்பையே திருப்பிப் பாருங்கள்.

கடப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது, முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதும் பழக்கம்தான். 1931 டிசம்பரில் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் வின்ஸ்டன் சர்ச்சில் டாக்ஸியிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போது, தன் நாட்டுப் பழக்கத்தில் தப்பான திசையைப் பார்த்துவிட்டு நடந்து, கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். லண்டனில் பல இடங்களில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதாத ஊரில் இரண்டு பக்கமும் பாருங்கள், முதலில் பார்த்த பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். ஒருவழி ரோடாக இருந்தாலும் சைக்கிள் எதிர்த்திசையில் வரலாம்.

குழந்தையோடு போனால் வண்டிகளுக்கும் குழந்தைக்கும் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும், விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அப்புறம், அப்பா அம்மா வந்து தங்கும்போது அவர்களுக்கு வாயால் சொன்னால் போதாது. என் அப்பா வந்த மறுநாளே விடிகாலை நடைக்குக் கிளம்பினார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது ஓரமாக, முதுகை ரோட்டுக்குக் காட்டி. கூடவே போய், இந்த மரம் வரை இடது ஓரம், மரத்துக்கு அப்புறம் வளைவு வருகிறது, இங்கேயே எதிர்ப்பக்கம் மாறிவிடுங்கள், அந்தப் பச்சைக் கதவு தெரிந்ததும் திரும்ப இந்தப் பக்கம் என்று நாலு நாள் நடந்து காட்டினேன். ஐந்தாம் நாள் நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மரத்தடியில் நின்றார், இரண்டு பக்கமும் பார்த்தார், ஒரு வேன் போகட்டும் என்று காத்திருந்தார், பிறகு எதிர்ப்பக்கம் கடந்தார்.