மலைப்பூண்டைத் தாளோடு வாங்குங்கள்

கொடைக்கானல் பக்கம் போனால் மலைப்பூண்டை உதிரியாக வாங்காமல் தாளோடு, அதாவது தண்டோடு, கட்டாக வாங்கி, சமையலறையில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். பல மாதம் கெடாது. பூம்பாறை, மன்னவனூர் படிக்கட்டு வயல்களில் விளையும் இந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள விவசாயிகள் புகைமூட்டம் போட்டுத்தான் விதைப்பூண்டைப் பாதுகாக்கிறார்கள். நம் வீட்டில் புகைக்கு வழியில்லை, சரி, காற்றாவது படட்டும். கழுத்துப் பகுதி காய்ந்து மூடிக்கொண்டால் ஈரம் உள்ளே இறங்காது, பூஞ்சையும் பிடிக்காது. தயவுசெய்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் முளைவிட்டுவிடும்.

தாள் பச்சையாக, ஈரமாக இருந்தால் முதலில் நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். பல் பிரிந்த பூண்டுக்கு இந்த முறை உதவாது. அதை உடனே சமைத்துவிடுங்கள், அல்லது ஊறுகாய் போடுங்கள்.