கணினி விளையாட்டு வாங்கும் முன் விலையோடு இவற்றையும் பாருங்கள்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் தளமாக 2003-இல் தொடங்கிய ஸ்டீம் விற்பனைத் தொகையில் பொதுவாக 30 சதவீதத்தைப் பங்காக எடுத்துக்கொண்டிருக்க, 2018 டிசம்பரில் வந்த மற்றொரு விற்பனைத் தளமான எபிக் கேம்ஸ் ஸ்டோர் 12 சதவீதமே போதும் என்று அறிவித்துப் போட்டியில் இறங்கியது. இந்தக் குறைப்பின் பலன் பெரும்பாலும் தயாரிப்பாளருக்கே சேர்கிறது. வாங்குபவருக்கு நேரடியாகக் கிடைப்பது எபிக் வழங்கும் இலவச விளையாட்டுகள்தான். அவற்றைச் சலுகைக் காலத்துக்குள் கணக்கில் சேர்த்துக்கொண்டால் பின்னரும் உங்களிடமே இருக்கும்.

பணம் கொடுத்து வாங்கும்போது விலையை மட்டும் ஒப்பிடுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குள் அதே விளையாட்டு தள்ளுபடிக்கு வந்துவிட்டால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் மீண்டும் வாங்குவதை ஸ்டீமின் விதிகளே வெளிப்படையாக அனுமதிக்கின்றன. பலரும் கவனிக்காமல் விடும் வசதி இது. ஜிஓஜி (GOG) என்ற இன்னொரு விற்பனைத் தளத்திலோ, நகல் தடுப்புப் பூட்டு இல்லாத நிறுவல் கோப்பையே பதிவிறக்கிச் சேமித்து வைக்கலாம் என்பதால், இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும் வீடுகளில் இருப்போர், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், முதலில் அங்கே தேடிப் பார்ப்பது நல்லது.