ஊருக்குப் போய் வான்ல பாட்டுப் போட்டால் சத்தம் சரியில்லையோ? ஸ்பீக்கரைப் பேசுறதுக்கு முதல் இதுகளைப் பாருங்கோ

ஊருக்கு டிக்கெட் போட்ட அண்டைக்கே வான்ல கேக்கிறதுக்கெண்டு பாட்டு லிஸ்ட் செய்யத் தொடங்குற ஆக்கள் தான் நாங்கள். எயார்போட்டால வெளிய வந்து ஹயர் வான்ல ஏறி போனைக் குத்தினால், தகர டப்பாவுக்குள்ள இருந்து ஆரோ பாடுற மாதிரி இருக்கும். உடன வானின்ர ஸ்பீக்கர் சரியில்ல எண்டு தீர்ப்பும் சொல்லிப்போடுவம். என்ர அனுபவத்தில வான் பாவம், பிழை கனக்க நாங்கள் கொண்டு போற போனிலயும் வயரிலயும் தான் இருக்கும்.

போன முறை எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன். ஒக்ஸ் வயரை, அதுதான் போனையும் வான் செட்டையும் தொடுக்கிற வயரை, குத்தினால் தபேலா கேக்குது, வயலின் கேக்குது, பாடுற ஆளை மட்டும் காணேல்ல, தூரக் கிணத்துக்குள்ள நிண்டு முணுமுணுக்கிற மாதிரி ஒரு சத்தம். பின்சீட்டில இருந்து மகள் "அப்பா, பாடுறவர் எங்க போயிட்டார்?" எண்டு கேக்கிறாள். ஈக்குவலைசரைத் திருகினன், வொல்யூமைக் கூட்டினன், ஒண்டும் சரிவரேல்ல. ட்ரைவர் அண்ணை சிக்னலில நிக்கேக்க ஒண்டும் கதைக்காமல் போனை வாங்கி கவரைக் கழட்டிப்போட்டு வயரைத் திருப்பிக் குத்தினார், டக்கெண்டு குரல் வந்திட்டுது. கவர் மொத்தம், அதால வயரின்ர முனை கடைசி மட்டும் இறங்கேல்ல, அதில இடது வலது ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற எர்த் வளையம் சரியாப் படேல்ல. எர்த் படாட்டி இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் தான் ஸ்பீக்கருக்குப் போகும், குரல் ரெண்டு பக்கத்திலயும் ஒரே அளவாப் பதிஞ்சிருக்கிறதால ஒண்டையொண்டு வெட்டிக்கொண்டு காணாமல் போயிடும். போன் ஓட்டைக்குள்ள பொக்கெற் பஞ்சு அடைஞ்சிருந்தாலும் இதே கூத்துத் தான், போனை நிப்பாட்டிப்போட்டு மரக்குச்சியால மெதுவாக் கிளறி எடுங்கோ, ஊசி விடாதேங்கோ.

அதால முதல் வேலை, வானின்ர ரேடியோவைப் போட்டுப் பாக்கிறது. ரேடியோ நல்லாக் கேட்டால் ஸ்பீக்கர் நல்லம், பிழை போன் பக்கம். ரேடியோவும் கரகரத்தால் பாஸை உச்சத்தில விட்டிருக்கினமோ, சத்தம் முழுக்கப் பின்பக்கம் தள்ளி வைச்சிருக்கினமோ எண்டு பாருங்கோ, ட்ரைவரிட்டக் கேட்டுப்போட்டுத் தொடுங்கோ. அதுக்குப் பிறகு ட்ரைவரின்ர போனை அதே வயரில ஒருக்காக் குத்திப் பாத்தால் வயரா போனா எண்டு ரெண்டு நிமிசத்தில தெரிஞ்சிடும்.

வயரில போடேக்க போன் வொல்யூமை முக்கால்வாசிக்கு மேல வைச்சு, மிச்சத்தை வான்ல கூட்டிக் குறையுங்கோ. போனைக் குறைச்சு வானைக் கூட்டினால் ஸ்ஸ் எண்ட இரைச்சலும் சேந்து கூடும். ஐரோப்பாவில வாங்கின போனுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கு, காது பழுதாகக் கூடாதெண்டு ஹெட்போன் சத்தத்துக்கு ஒரு கட்டுப்பாடு போட்டிருப்பினம், போன் வானையும் ஹெட்போன் எண்டு நினைச்சு அமத்திப்போடும். ஐபோன் எண்டால் புளூடூத் செட்டிங்ஸ்ல அந்த வானின்ர பேருக்குப் பக்கத்தில உள்ள குறியை அமத்தி, அது கார் ஸ்டீரியோ எண்டு சொல்லிவிடுங்கோ.

சார்ஜரும் ஒக்ஸும் ஒண்டாக் குத்தினவுடன ஊய்ய்ங் எண்டு ஒரு சத்தம் வந்து, அக்சிலேட்டரை அமத்த அமத்த அதுவும் ஏறினால் அது வாகனத்தின்ர பற்றரியைச் சார்ஜ் பண்ணுற ஆல்டர்னேட்டரின்ர சத்தம், ரெண்டு வழியால எர்த் போறதால வாறது. சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ, சத்தம் நிண்டால் பவர் பேங்கில சார்ஜ் போடுறது தான் சுகமான வழி. இதுக்கெண்டே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் எண்டு சின்னச் சாமான் ஒண்டும் விக்கினம், வயருக்கு நடுவில போடுறது, கைப்பையில வைச்சாலும் இடம் பிடிக்காது.

புளூடூத்தில டெலிபோன் கதைக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் வான் உங்கட போனைக் கோல் கதைக்கிறதுக்கு மட்டும் தான் சேத்திருக்குது எண்டு அர்த்தம். செட்டிங்ஸ்ல மீடியா ஓடியோ எண்டதை ஓன் பண்ணுங்கோ. பின்சீட்டில ஆரும் அதே போனில வொய்ஸ் மெசேஜ் பதிஞ்சுகொண்டிருந்தாலும் இப்பிடி ஆகும்.

பெரிய வில்லங்கம் ஹயர் வாகனத்தில கனக்க இருக்கிற ஜப்பான் செட் தான். ஸ்க்ரீன் முழுக்க ஜப்பான் எழுத்து, சிலதில ஒக்ஸும் இல்ல, புளூடூத்தும் இல்ல. சரி, போன் பாட்டை ரேடியோவுக்கு அனுப்புற எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர் கொண்டு போவம் எண்டால், ஜப்பான் ரேடியோ 76 இல இருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் தான் பிடிக்கும், பிந்தி வந்ததுகள் 95 மட்டும் போகும். உங்கட ட்ரான்ஸ்மிட்டர் 87.5 இல இருந்து 108. நீங்கள் 104 இல வைச்சுப்போட்டு விடிய விடியத் தேடினாலும் வராது, 88, 89 பக்கமா ஸ்டேசன் ஒண்டும் இல்லாத இடம் பாத்து வையுங்கோ. சில வாகனத்தில மேல் நம்பர் ஸ்டேசன்களைக் கீழ இறக்கிப் பிடிக்க வைக்கிற பேண்ட் எக்ஸ்பாண்டர் பூட்டியிருப்பினம், அப்ப ரேடியோவில தெரியிற நம்பர் வேற, உண்மையான நம்பர் வேற, அதை ட்ரைவரிட்டத் தான் கேக்க வேணும். எவ்வளவு சரியா வைச்சாலும் எஃப்எம்மில 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல உள்ள கீச்சுச் சத்தம் ஒண்டும் வராது, சலங்கைச் சத்தம் கொஞ்சம் மங்கித் தான் கேக்கும்.

பாட்டே மோசமா இருந்தால் ஒரு வயராலயும் ஒண்டும் செய்யேலாது. ரோமிங்கில டேட்டா மிச்சம் பிடிக்கப் போய் ஸ்பாட்டிஃபையைக் குறைஞ்ச தரத்தில விட்டால் 24 கேபிபிஎஸ் (ஒரு செக்கனுக்கு வாற டேட்டா அளவு) தான் வரும், ஆக மேலான எம்பி3 தரம் 320. பத்துக் கை மாறி வந்த பாட்டுப் ஃபைலுகளும் அப்பிடித்தான். வெளிக்கிட முதல் வீட்டு வைஃபையில நல்ல தரத்தில டவுன்லோட் செய்யுங்கோ. நான் இப்ப பென்ட்ரைவ் ஒண்டில 320 எம்பி3 போட்டுக்கொண்டு தான் போறன், ஃபற்32 எண்டு ஃபோர்மற் பண்ணினது, புது ஃபோர்மற்றுகளைக் கனக்கப் பழைய செட் வாசிக்காது. 32 ஜிபிக்கு மேல வேண்டாம், ஃபைல் பேர்களை இங்கிலீஷில வையுங்கோ, தமிழில வைச்சால் கட்டம் கட்டமாத் தான் தெரியும்.

புளூடூத் சேரவே மாட்டன் எண்டு நிண்டால் வான் செட்டில சேத்து வைச்சிருக்கிற போன் லிஸ்டைத் திறந்து பாருங்கோ, உங்களுக்கு முந்தி அந்த வான்ல போன ஆக்களின்ர போன் பேரெல்லாம் வரிசையாக் கிடக்கும். இடம் நிறைஞ்சிட்டால் சில செட் புதுசைச் சேக்காது, அண்ணையிட்டக் கேட்டுப் பழையது ஒண்டை அழியுங்கோ. திரும்பி வரேக்க எயார்போட்டில சூட்கேஸ் இறக்க முதல் உங்கட பேரையும் அழிச்சுப்போடுங்கோ, கொண்டாக்ட்ஸ் எல்லாம் அதுக்குள்ள போயிருக்கலாம்.